அநாதையாக்கிய கை

1930 ஏப்ரல் 12ஆம் நாள். அரபியர் ‘ஹலப்’ என வழங்கும் அலெப்போ நகரருகே ஒரு கோதுமை வயலைத் தோண்டச் செய்தார் விலங்கியலறிஞர் இஸ்ரேல் அஹரோனி. வளையினுள் தாய் ஹாம்ஸ்டர் ஒன்றும் 11 குட்டிகளும் இருந்தன. பெட்டியில் இட்டதும் அத்தாய், தன் குட்டி ஒன்றின் தலையைக் கடித்துத் துண்டித்தது. மற்றவற்றைக் காக்கவேண்டித் தாயை நஞ்சால் கொன்றார் அவர். எஞ்சிய எத்தீம் குட்டிகளைத் தம் கையாலேயே வளர்த்தார்.

இது கருணையா? ஆம் என்று உடனே சொல்ல என் நெஞ்சம் ஒப்பவில்லை. ஈன்ற சில நாட்களுக்குள் கூட்டைக் கலைத்தால் ஹாம்ஸ்டர் தன் குட்டிகளையே கொல்வதுண்டு. அது அவ்வுயிரின் இயல்பு. தாயைக் கொடியவள் என்போர் மண்வெட்டியை மறந்துவிடுகின்றனர்.

பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள் என்பது ஹதீஸ். அஹரோனிக்கோ திருப்பிக் கொடுக்கத் தாயும் இல்லை, வளையும் இல்லை. ஆகவே அவர் ஊட்டியதைத் தருமம் என்னாது கடன் என்றே கொள்கிறேன். அக்கடனைச் செலுத்தினார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அக்குட்டிகளின் வழிவந்தவை. கண் திறவாத குட்டிகளைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் என் பேத்தி கூண்டினுள் கைவிட முனைகையில், “இரண்டு வாரம் பொறு, கண்ணே” என்று நான் தடுப்பது அந்த ஹலப் வயலை எண்ணித்தான்.