விலக்கின் விலை

சீடன்: ஐயனே, பெட்டிக்கடைக்காரர் வரி கட்டுகிறார். உண்டியல் நிரம்பி வழியும் கோயிலும் தேவாலயமும் தர்காவும் கட்டுவதில்லை. இது நியாயமா?

குரு: கோயில் வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் முதலாளி யார்?

சீடன்: அப்படி ஒருவரும் இல்லை, இருக்கவும் கூடாது.

குரு: அந்த ‘கூடாது’தான் விலக்கின் அடிப்படை. பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்கோ சமயப்பணிக்கோ செலவிட வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். பணம் நிர்வாகியின் வீட்டுக்குப் போனால் விலக்குக்கு ஆபத்து.

சீடன்: இருந்தாலும், அவர்கள் கட்டாததை நம்பிக்கையற்றவனும் சேர்த்துத்தானே சுமக்கிறான்?

குரு: சுமக்கிறான், மறுக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார். ராஜராஜன் ஊர்களைக் கோயிலுக்கு விட்டான். ஊர்நத்தம், குளம், சுடுகாடு எல்லாம் கழித்து, மிச்ச நிலத்துக்கு இவ்வளவு நெல் என்று கணக்கு. அதை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட மரக்காலால் அளந்து கொடுக்க வேண்டும். குடியானவனுக்குச் சுமை குறையவில்லை. நெல் போய்ச் சேரும் இடம்தான் மாறியது.

சீடன்: அப்படியென்றால் விலக்கும் ஒரு மானியம்தான். பிறகு ஏன் அதை ஆதரிக்கிறீர்கள்?

குரு: வழிபாட்டுக்கு வரி போடும் அரசு, எந்த வழிபாடு பிழைக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் பெற்றுவிடும். அந்த அதிகாரத்துக்கு நான் அஞ்சுகிறேன். ஆனால் வியாபாரம் வேறு. ஜிஎஸ்டியில் வழிபாட்டுத் தல வளாகத்து அறைக்கு நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் வரியில்லை. மண்டபத்துக்கு வரம்பு 10,000. அதைத் தொட்டால் வரி உண்டு. உரிமையாளர் சாமியா ஆசாமியா என்பதோடு சட்டம் நிற்கவில்லை, வாடகையையும் பார்க்கிறது.

சீடன்: உண்டியலுக்கு அந்தக் கண்டிப்பு இல்லையே! பெயர் சொல்லாத நன்கொடை மருத்துவமனை அறக்கட்டளைக்கு வந்தால், வரம்புக்கு மேல் 30 விழுக்காடு வரி. முழுக்கச் சமயம் சார்ந்த அறக்கட்டளைக்கு அதுவும் கிடையாது.

குரு: கும்பிட வந்தவனிடம் பெயரும் முகவரியும் கேட்க முடியாது. போட்டவன் மறைந்திருக்கலாம், செலவு மறையக் கூடாது. ராஜராஜன் கொடுத்த நகைகளின் எடைகூட அந்தக் கோயில் கல்லில் இருக்கிறது.

சீடன்: இன்று கணக்கைக் காட்ட மறுக்கிற மடமோ சபையோ இருந்தால்?

குரு: பெட்டிக்கடைக்காரரோடு வரிசையில் நின்று வரி கட்டட்டும். ஊரார் பங்கைத் தின்றுவிட்டு, ஊருக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்பதற்குப் பெயர் சமய உரிமை இல்லை.