தனக்குத் தானே சாட்சி

கால் ஒடிந்தவன் ஓடக் கூடாது என்பதை அவன் காலில் உள்ள கட்டே ஊருக்கு அறிவித்துவிடும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவனுக்கோ அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. ஸ்கேன் படத்திலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படுவதில்லை. நடக்கிறான், பேசுகிறான், சிரிக்கிறான். தலைவலியும் கிறுகிறுப்பும் அவன் ஒருவனே அறிந்தவை. நாள்தோறும் ஓடிப் பழகிய அவன் மீண்டும் எப்போது ஓடலாம்? விடை சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆயின், அவருக்குச் சாட்சி சொல்ல வேண்டியவன் அவனே. மருத்துவக் கேள்வி இங்கே அறக்கேள்வியாகிவிடுகிறது.

நெடுங்காலம் இருட்டறையும் முழு ஓய்வுமே இதற்கு மருந்தெனக் கருதப்பட்டன. இன்று அக்கருத்து மாறிவிட்டது. விளையாட்டில் நேரும் மூளையதிர்ச்சி பற்றி 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு மாநாடு, முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்லிய பயிற்சியைத் தொடங்கலாம் என்றது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக மருத்துவர் ஜான் லெட்டி குழுவினர், அடிபட்ட 103 இளையோரை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டனர். அளவான பயிற்சி செய்தோரில் பாதிப்பேர் 13 நாள்களுக்குள் நலம் பெற்றனர். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோரில் பாதிப்பேர் தேற 17 நாள்கள் ஆயின.

அந்த அளவை எப்படிக் கண்டனர்? டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் படிப்படியாகக் கடினமாக்கினர். உபாதை மிகுந்த கணத்தில் நிறுத்தி நாடித்துடிப்பைக் குறித்தனர். அது 150 எனில், அதில் 80 விழுக்காடாகிய 120 வரையில் நாளொன்றுக்கு 20 நிமிடப் பயிற்சி. கணக்கு துல்லியமானது. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் 'இப்போது வலி கூடுகிறது' என்று ஒருவன் சொல்லும் சொல்லின்மீதே நிற்கிறது.

அச்சொல்லைக் கெடுக்க இரு பொய்கள் காத்திருக்கின்றன. ஒன்று, வீரத்தின் பொய். களத்துக்குத் திரும்பும் ஆவலில் வலியை மறைக்கச் சொல்லும். ஆறாத மூளையில் மீண்டும் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மற்றொன்று, அச்சத்தின் பொய். சிறு வலியையும் பேராபத்தாகக் காட்டி ஆளைக் கட்டிலோடு கட்டிப்போடும். பத்துக்கு இரண்டு அளவுக்குள் வலி கூடி, ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடுமாயின் பயிற்சியைத் தொடரலாம் என்கிறது அதே மாநாடு.

துணிவும் பொறுமையும் எதிரெதிரானவை என்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஓட்டத்துக்குத் திரும்புகிறவனிடம் அவை ஒன்றாகிவிடுகின்றன. அஞ்சாமல் எழுந்து நடப்பது துணிவு. கால்கள் இன்னும் ஓடுவோம் என்று கெஞ்சும்போது 120-ல் நிறுத்திக்கொள்வது பொறுமை. உண்மை பேசும் நெஞ்சு இல்லையேல் இரண்டும் வீணே.

அந்த நெஞ்சு அடிபட்ட அன்று புதிதாய் முளைப்பதன்று. விழுந்தெழுந்து வந்த பிள்ளையிடம் 'இதற்கெல்லாமா அழுவது?' என்று நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! வலியை மறைத்தால் பாராட்டு, சொன்னால் ஏளனம் என்று கற்பித்துவிட்டு, மருத்துவர் முன்னிலையில் அவன் உண்மை பேச வேண்டுமென்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

'இன்று தலை வலித்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்' என்று ஒரு பிள்ளை வீடு திரும்பிச் சொன்னால், அவன் தோற்று வந்ததாக நாம் எண்ண வேண்டாம். யாரும் காணாத இடத்தில் தனக்கு எதிராகவும் உண்மை சொல்லிவிட்டு வந்திருக்கிறான் அவன்.