கலைக்கு விலை தருபவர் யார்?

கலை எளிதில் வாய்ப்பதன்று. நல்லதொரு கவிதைக்குப் பின்னால் உறங்காத இரவுகள் உண்டு. நல்லதோர் இசைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சி உண்டு. ஆகவே, கலைக்கு ஒரு விலை உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அவ்விலையைத் தருபவர் யார் என்னும் வினாவை உலகம் அடிக்கடி எழுப்புவதில்லை. கலைஞன் தானே தருகின்றானா? அன்றி, அவனுடைய மனைவியும் மக்களும், உடன் பணிபுரிவோரும், அவனை நம்பியிருப்போரும் தருகின்றனரா? கலை வேட்கைக்கும் வாழ்க்கைக் கடமைக்கும் இடையே எழும் பூசலைத் தீர்க்க விழைவோர் முதலில் இவ்வினாவிற்கு விடை காணுதல் வேண்டும்.

பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அன்றைய உணவுக்கென்று செல்லம்மாள் கடனாகப் பெற்று வைத்திருந்த அரிசியை எடுத்துக் கவிஞர் குருவிகளுக்கு இறைத்தார். அவை கொத்தித் தின்பதைக் கண்டு தம்மை மறந்து பாடினார். மேடைகளில் இச்செய்தி கூறப்படும்போதெல்லாம் கைதட்டல் எழுகின்றது. உயிர்கள் அனைத்தையும் தம் உறவாகக் கருதிய உள்ளத்தைப் போற்றுவது முறையே.

ஆனால், அந்நிகழ்ச்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அடுப்பங்கரையில் வெறும் பாத்திரத்துடன் நின்ற ஒரு பெண் அங்கே இருந்தாள். பசித்த குழந்தைகளுக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள். கடன் கொடுத்த வீட்டாரின் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டியவளும் அவளே. குருவிகளுக்கு இறைக்கப்பட்டது அரிசி மட்டுமன்று. அவளுடைய மானமும் சிறிது சேர்ந்தே இறைக்கப்பட்டது. பல்லாண்டுகள் கழித்து, 1951ஆம் ஆண்டில், திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்னும் தலைப்பில் உரையாற்றிய செல்லம்மாள், ஒரு கவிஞருக்கு மனைவியாக வாழ்வது எத்துணைக் கடினம் என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவ்வுரையில் கணவர்மீது பெருமதிப்பு இருந்தது. பட்ட துன்பமும் இருந்தது. கவிஞர் 1921இல் மறைந்தபின் அவருடைய பாடல்களை நூலாக்கி வெளியிட முன்வந்தவர்களுள் முதன்மையானவரும் அந்த அம்மையாரே.

இங்குப் பாரதியார்மீது குற்றம் சுமத்துவது நோக்கமன்று. அவருடைய வறுமைக்குக் கலை மட்டும் காரணமன்று. அந்நிய ஆட்சியின் அடக்குமுறை பெருங்காரணமாயிற்று. அவர் தம் உடலையும் வருத்திக்கொண்டார். முப்பத்தொன்பது வயதுகூட நிறையாமல் மாண்டார். வருந்தத்தக்கது யாதெனில், அவருடைய உழைப்பையும் மொழிப் புலமையையும் பின்பற்ற இயலாதோர், அவருடைய பொறுப்பின்மையை மட்டும் எளிதாகப் பின்பற்றுவதேயாகும். வீட்டுச் செலவை மறந்தவனெல்லாம் கவிஞனாகிவிட மாட்டான். அரிசியை இறைப்பது எளிது; பாட்டு எழுதுவதன்றோ அரிது!

மேலைநாட்டில் இதனினும் கடுமையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சு ஓவியர் பால் கோகேன் முதலில் பங்குச் சந்தையில் பணியாற்றி, மனைவி மெத்தேயுடனும் ஐந்து பிள்ளைகளுடனும் வசதியாக வாழ்ந்தவர். பின்னர் ஓவியமே வாழ்க்கையெனக் கொண்டு குடும்பத்தைப் பிரிந்தார். 1891இல் தாகித்தித் தீவுக்குச் சென்றார். மெத்தே மொழிபெயர்த்தும் பிரெஞ்சு மொழி கற்பித்தும் பிள்ளைகளைக் காப்பாற்றினார். அன்பு மகள் அலீன் 1897இல் இறந்தபோது தந்தை உலகின் மறுகோடியில் இருந்தார்.

'அவர் பிரிந்து செல்லாதிருந்தால் அவ்வோவியங்கள் பிறந்திருக்குமா?' என்று கேட்போர் உளர். இவ்வினா வலிமையுடையது போலத் தோன்றும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டைத் துறந்து புறப்படும் நாளில் தன் படைப்பு வெல்லும் என்பதை எவரும் அறியார். அவ்வாறு புறப்பட்டுப் பெயர் தெரியாமல் மறைந்தோர் எத்தனையோ பேர். அவர்களுடைய மனைவியரும் மக்களும் பட்ட துயரத்திற்கு ஈடாகக் காட்ட ஓர் ஓவியமும் இல்லை. இனி, வென்றவரின் நிலைதான் என்ன? ஓவியம் காண்போருக்கு இன்பம் தருகின்றது. இழப்பைச் சுமந்தவரோ வேறொருவர். ஒருவர் பெற்ற இன்பத்தைக் காட்டி மற்றொருவர் பட்ட துன்பத்தைக் கழித்துவிடுதல் நீதியாகாது.

'கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தல்' என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. தன் கையிலுள்ள தேங்காயை உடைப்பவனே பக்தன். பிறருடைய தேங்காயை உடைத்துவிட்டுப் புண்ணியம் தேட முயல்பவனை உலகம் எள்ளி நகையாடும். கலைக்காகத் தன் உறக்கத்தையும் பொழுதுபோக்கையும் சுகத்தையும் துறப்பவன் செய்வது தியாகம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் மனைவியின் நிம்மதியையும் நண்பனிடம் பெற்ற கடனையும் அவர்தம் உடன்பாடின்றிக் கலைக்குப் படைப்பவன் செய்வது தியாகமன்று. அது பிறர் பொருளைக் கவர்தலேயாகும்.

அவ்வாறாயின், கடமைகளுக்கிடையே பெரும்பணி ஆற்ற இயலுமா? இயலும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வே சான்று. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், பகலில் பாடம் நடத்தினார். கிடைத்த ஓய்வுப் பொழுதிலெல்லாம் ஏடுகளை ஆராய்ந்தார். சீவக சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவரால் அச்சேறின. கல்லூரிப் பணியை அவர் தடையென்று தள்ளிவிடவில்லை. அத்துடன், ஏடு தந்தவரையும் பொருள் தந்தவரையும் உடனிருந்து உதவியவரையும் நன்றியுடன் எழுத்தில் பதிந்து வைத்தார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இரு பாகங்களில் வரலாறு எழுதினார். பெரும்பணி ஆற்றுவோர்க்குப் பிறரைச் சிறுமைப்படுத்தும் உரிமை உண்டு என்னும் எண்ணத்தை அவர் வாழ்வு பொய்யாக்குகின்றது.

உருசிய எழுத்தாளர் ஆந்தன் செக்காவும் அத்தகையவரே. மருத்துவ மாணவராயிருந்தபோதே கதைகள் எழுதிப் பொருளீட்டிப் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காத்தார். 1892இல் வாந்திபேதி நோய் அச்சுறுத்தியபோது, மெலிகோவோவில் தங்கிச் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களுக்கு ஊதியமின்றி மருத்துவப் பணி புரிந்தார். அக்காலத்தில் அவருடைய எழுத்துப்பணி குறைந்தது உண்மையே. ஆனால், நோயுற்ற குடியானவர்களின் குடிசைகளில் அவர் கண்ட வாழ்க்கை, பிற்காலக் கதைகளுக்கு உரமாயிற்று. கடமை கலைஞனிடமிருந்து பொழுதை எடுத்துக்கொள்கின்றது. மனித அறிவை அவனுக்குத் திருப்பித் தருகின்றது.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. கடமையைக் காரணங்காட்டிக் கலையைக் கைவிடுவோர் பலர். 'ஓய்வு பெற்றபின் எழுதுவேன்' என்று நாளைக் கடத்துவோர், பின்னர்த் தம் ஏமாற்றத்தை வீட்டார்மீது சினமாகக் கொட்டுவதும் உண்டு. அதுவும் அறமன்று. ஆகவே, நாளில் ஒரு மணி நேரமேனும் கலைக்கென ஒதுக்குதல் வேண்டும். அதனை வீட்டாரிடம் மனம்விட்டுக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்டுப் பெற்ற ஒரு மணி நேரம், பறித்துக்கொண்ட ஒரு நாளைவிடச் சிறந்தது. கலைஞனின் வேட்கையை மதித்து அப்பொழுதை அளிப்பது குடும்பத்தாரின் கடமையுமாகும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாற்றில் ஆசிரியர்களுக்குத் தனியிடம் உண்டு. பகலெல்லாம் வகுப்பறையில் நின்று, இரவில் எழுதியவர்கள் அவர்கள். அவர்களுக்கு இவ்வினா நாள்தோறும் எழுவது. தமிழ் விழாவுக்கு நாடகம் பயிற்றும் ஆசிரியர் ஒருவர், வசனம் மறந்த மாணவனைப் பலர் முன்னிலையில் இழித்துரைக்கின்றார் எனக் கொள்ளலாம். நாடகம் பரிசு பெறக்கூடும். ஆனால், அம்மாணவன் மறுபடியும் மேடையேறத் துணிவானா? பரிசுக் கோப்பை பள்ளியில் இருக்கும். அதற்குரிய விலையோ ஒரு சிறுவனின் நெஞ்சில் இருக்கும். திருத்தப்படாத கட்டுரை ஏடுகள் மேசைமேல் குவிந்திருக்க, வகுப்பு நேரத்தில் தம் சிறுகதையை எழுதி முடிப்பவர் நிலையும் இத்தகையதே.

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பண்புடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டாவென அவர் விலக்கவில்லை. கலைக்கும் இஃது ஒக்கும். கலைஞன் பேனாவைக் கையிலெடுக்கும்போதெல்லாம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: 'இன்று நான் உடைக்கும் தேங்காய் யாருடையது?' தன்னுடையதே என்று நெஞ்சறியச் சொல்ல முடியுமாயின், அவன் தயங்காமல் எழுதலாம். அவன் எழுத்து எத்துணைக் காலம் நிற்கும் என்பதைக் காலம் முடிவு செய்யும். அவனோடு வாழ்ந்தவர் கண்ணீரின்றி அவனை நினைப்பரா என்பதை அவனே முடிவு செய்கின்றான்.