மொய் நோட்டு

பறைச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தச் சொல்வாள் ஆயா. கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு எத்தனை முறை சாத்துவது? புதுச்சேரிக்காரர்கள் பலருக்குக் கடைசிப் பயணம் எங்கள் பக்கத்துச் சுடுகாட்டுக்குத்தான். அத்தை சாத்தமாட்டாள். மல்லாட்டை உரித்தபடி, பாடைக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவாள். "செத்தவன் என்னடா செய்வான்? இருக்கிறவன் வாய்க்குத்தான் பயப்படணும்."

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே'யைப் படித்தபோது அத்தை ஞாபகம்தான் வந்தது. ஆன் ராட்கிளிஃபின் 'உடால்ஃபோ' (1794) போன்ற திகில் நாவல்களில் மயங்கிய பெண் காதரீன், விருந்துக்குப் போன பழைய மாளிகையில் ஓர் அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே சுருட்டிய தாள்கள். மெழுகுவத்தி அணைந்துபோக, இரவெல்லாம் நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு!

சிரித்துவிட்டு மூடிவைக்க முடியாது. அவளிடம் நினைத்த அளவு சொத்தில்லை என்று தெரிந்ததும், மகனுக்கு அவளைக் கட்டிவைக்க நினைத்த அதே வீட்டுக்காரர், துணைக்கு ஆளில்லாமல் 70 மைல் தூரம் தனியே அனுப்பிவிடுகிறார். பேய் இல்லாத வீட்டில் மாமனார் இருந்தார். 1803இல் 10 பவுண்டுக்கு இந்த நாவலை வாங்கிய பதிப்பாளர் அச்சிடவே இல்லை. ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 கடைசியில்தான் புத்தகமாயிற்று.

திகில் காட்டி ஏமாற்றும் இந்த விளையாட்டைப் பாரதியும் ஆடியவர்தான். 'குயில் பாட்டு'க்கு ஊற்று எங்கள் ஊர் மாந்தோப்பு என்பார்கள். முற்பிறவி, முனிவர், பேயாய்த் திரியும் மாடன் எல்லாம் காட்டிவிட்டு, பழம்பாய் கிடக்கும் தன் வீட்டில் கொண்டுவந்து நம்மை விட்டுவிடுகிறார்.

அத்தை போய்ப் பதினாறாம் நாள், அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். நகை, பத்திரம் என்று ஆளுக்கொன்று நினைத்திருந்தோம். கட்டுக்கட்டாக மொய் நோட்டுகள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் புரட்டிக்கொண்டிருந்தேன். சில பெயர்கள்மேல் சிவப்புக் கோடு. பணம் திருப்பிச் செய்தாகிவிட்டது போல என்று நினைத்தேன். 1987, காதுகுத்துப் பக்கத்தில் ஒரு கோட்டின் ஓரத்தில் எழுதியிருந்தது: "தம்பி வந்தான். அவள் வரவில்லை."

'அவள்' என் அம்மா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சபையில் உடுத்திப்போக அம்மாவிடம் அந்த வருஷம் நல்ல புடவை ஒன்றுகூட இல்லை. அதை அத்தையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.