தாமதத்தில் எது அருள்?

இறைவனுக்கு ஐந்தொழில் என்கிறது சைவ சித்தாந்தம். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் எல்லாருக்கும் விளங்கும். மறைத்தல் வரும்போதுதான் கரவெட்டியில் நாங்கள் கூடும் சித்தாந்த வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பார்: எல்லாம் வல்லவன் ஏன் உடனே அருளக் கூடாது? ஏன் இத்தனை பிறவி? உயிரைப் பிணித்திருக்கும் மலம் பக்குவப்படக் காலம் வேண்டும். அதுவரை அவன் தன்னை மறைத்துக்கொண்டு உயிருக்குள் நின்று தொழில் செய்கிறான். ஆதலால் மறைத்தலும் அருளே என்பது விடை.

காணிப் பிரிவில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த விடையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோவைகள் ஞாபகம் வரும். ஒரு வீதிக்கான கோவை மேசையில் வருடக்கணக்காகக் கிடக்கிறதே, அந்தத் தாமதத்துக்குள் நின்று தொழில் செய்வது யார்? அங்கே எது பக்குவப்படுகிறது?

வீதி, பாலம், விமான நிலையம் விரைவாக வர வேண்டும், நடைமுறைகளைக் குறையுங்கள் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. நானும் அந்தக் கட்சிதான். எதைக் குறைப்பது என்ற இடத்தில்தான் என் மனம் பதறுகிறது.

வீதி அகலிப்புக்குக் காணி எடுத்தபோது நடந்தது இது. ஆட்சேப விசாரணைக்கு ஓர் ஆச்சி வந்தா. உறுதியைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி, ஒரு சொப்பிங் பையில் வைத்திருந்தா. நட்டஈடு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ரோட்டுக்குக் காணி தரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. வேம்புக்குக் கீழ எங்கட வைரவற்ற சூலம் நிக்குது. ஐயரைக் கேட்டு ஒரு நல்ல நாளில அதைப் பெயர்த்து அங்கால வைக்க வேணும். அதுமட்டும் பொறுங்கோ.” கோயில் திருப்பணி என்றால் பாலஸ்தாபனம் செய்துவிட்டுத்தானே மூலஸ்தானத்தில் கை வைக்கிறோம்? விசாரணை அதிகாரி உடனே ஒத்துக்கொண்டார். ஆச்சியின் விசாரணைக்கு அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. அதே கோவை அளவைப் படத்துக்காக இன்னொரு அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. கேட்டு எழுதிய நினைவூட்டல் கடிதங்களும் அதே கோவைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

இலங்கையின் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் படிகள் பல. இரண்டாம் பிரிவில் அறிவித்தல், நான்காம் பிரிவில் ஆட்சேபம், பிறகு உரித்து விசாரணை, மதிப்பீடு, நட்டஈடு. அவசரமென்றால் 38(அ) இருக்கிறது; அமைச்சரின் கட்டளையோடு காணியை உடனே கையேற்கலாம், மற்றவை பின்னால் வரும். விரைவு வேண்டுமென்றதும் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது ஆட்சேபத்தின் மேல்தான். காணியை எடுக்கலாமா என்பதில் காணிக்காரரின் குரல் கோவைக்குள் வருவது அந்த ஒரு படியில்தான். ஓர் உயிரிடம் கேட்டு, அது இசையும்வரை பொறுப்பது மறைத்தலுக்குக் கிட்டிய காரியம். தட்டில் கிடக்கும் கடதாசியில் அப்படி ஒன்றும் இல்லை. அது பிறருடைய ஆயுளைத் தின்பது. அதைப் பாவம் என்றே சொல்வேன்.

கேளாமல் எடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் கண்டோம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு அறிவித்தல்களை மரங்களில் ஒட்டினார்கள். அது இராணுவத் தேவைக்கு, போக்குவரத்துக்கு அல்ல. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று அறிவித்தலில் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் சில மைல் தள்ளி, மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் ஏறினார்கள். அந்த மண்ணின் வழக்கு இன்னும் மனங்களில் முடியவில்லை.

விரைவாக முடிந்த வேலையும் உண்டு. போரால் 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இந்தியக் கடனில் இர்கோன் நிறுவனம் பாதை போட்டது. தண்டவாளம் போகும் நிலம் 1905இல் கொழும்பிலிருந்து முதல் ரயில் வருவதற்கு முன்பே எடுத்து அளக்கப்பட்ட நிலம். அன்று யாரோ பொறுமையாகச் செய்த வேலையின் பலன் இந்த விரைவிலும் சேர்ந்திருக்கிறது.

பலாலியைப் பாருங்கள். 2019 யூலையில் வேலை தொடங்கி, ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். மனம் வைத்தால் மூன்று, நான்கு மாதம் போதும். கரவெட்டியிலிருந்து வல்லை வெளி தாண்டி, அச்சுவேலி வழியாக அங்கே போகிறவர்களில் நானும் ஒருவன். அந்த விரைவுக்கு நன்றியுள்ளவன். ஆனால் பக்கத்திலேயே வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி, முப்பது வருடங்களுக்கு மேல் மூடிக் கிடந்து, 2025 ஏப்ரல் 10இல்தான் சனங்களுக்குத் திறந்தது. அதுவும் அப்போது காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரைதான். அதைத் திறக்கப் புதிதாகக் காணி எடுக்க வேண்டியிருக்கவில்லை, ஆட்சேபம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நடைமுறைகளைக் குறைக்க வருபவர்கள், ஒரு திணைக்களத்திலிருந்து மற்றதற்குக் கோவை போய்வரும் பயணத்தை முதலில் வெட்டட்டும். நில அளவையாளரும் மதிப்பீட்டாளரும் ஒரே நாளில் காணிக்கு வரட்டும். கோவை எந்த மேசையில், எத்தனையாம் திகதியிலிருந்து இருக்கிறது என்பதைக் காணிக்காரர் தொலைபேசியில் பார்க்கட்டும். ஆட்சேப விசாரணையை மட்டும் தொடாமல், கச்சேரியிலிருந்து எடுத்து, அந்தந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் வைக்கட்டும். ரொறன்ரோவில் இருக்கும் பங்காளியும் வீடியோவில் வந்து பேசட்டும். அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.