ஸ்கேன் அறிக்கையும் தவக்குலும்

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியிலிருந்து ஒரு சகோதரர் மஃரிபு தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்தார். கையில் ஸ்கேன் அறிக்கை.

"ஹஜ்ரத், வீட்டில் இருபதாவது வாரம். பிள்ளையின் மூளையில் சிறு நீர்க்கட்டி தெரிகிறதாம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்கிறார்கள். அம்மா, 'மறுபடி பார்ப்பது தவக்குலுக்கு விரோதம்' என்கிறார். மச்சான், 'கலைத்துவிடு' என்கிறார். நாங்கள் என்ன செய்வது?"

இன்று பல வீடுகளில் எழும் கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகக் கூறுவோம்.

கருவறைகளில் உள்ளதை அல்லாஹ் அறிவான் என்று லுக்மான் சூராவின் கடைசி வசனம் கூறுகிறது. ஸ்கேன் இதற்கு எதிரானதன்று. அது ஒலியலையை அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்கும் கருவி. கிளாஸ்கோ நகர மருத்துவர் இயான் டொனால்டு 1958-ல் இதை மருத்துவ உலகுக்கு எடுத்துக் காட்டினார். அது காட்டுவது உருவத்தின் நிழலை. அப்பிள்ளையின் ஹயாத்தையும் ரிஸ்கையும் எந்தக் கருவி காட்டும்?

நிழலைக் கண்டு தீர்ப்பு எழுதுவது தவறு. இத்தகைய நீர்க்கட்டி மட்டுமே காணப்பட்டு மற்ற உறுப்புகள் செம்மையாக இருந்தால், பெரும்பாலும் அது சில வாரங்களில் தானே மறைந்துவிடும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். வேறு சில குறைகள் கடுமையானவை. எது எது என்று பிரித்தறியவே மறுபரிசோதனை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். விசாரித்தறிவது கட்டுவதைச் சேர்ந்தது. முடிவை ஒப்படைப்பது தவக்குல்.

இனி மச்சானின் ஆலோசனை. கரு 120 நாட்களை அடைந்தபின் ரூஹு ஊதப்படுவதாக ஹதீஸின் அடிப்படையில் உலமாக்கள் கூறுகின்றனர். 1990-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, தகுதியுள்ள மருத்துவர் குழு தீர்க்க முடியாத கடுமையான ஊனத்தை உறுதி செய்தால், 120 நாட்களுக்கு முன் பெற்றோர் விரும்பினால் கலைக்க அனுமதித்தது. அதன்பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்று உறுதியானாலன்றி அனுமதியில்லை என்றது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். கரு தரிப்பது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. எனவே 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் எடுப்பதோ 18 முதல் 20 வாரத்தில். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்க வேண்டிய முதல் ஸ்கேனை அலட்சியம் செய்பவர், ஆலோசிக்கும் அவகாசத்தையே இழக்கிறார்.

2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், கருவில் கடுமையான குறை இருந்தால் 24 வாரம் வரையும், மருத்துவக் குழு உறுதி செய்தால் அதற்குப் பின்னும் கலைக்க இடமளிக்கிறது. சட்டம் அனுமதித்ததெல்லாம் மார்க்கத்தில் ஹலாலாகிவிடாது. 2008-ல் மும்பைத் தம்பதியர் இருவர், பிள்ளையின் இருதயத்தில் குறை என்று கலைக்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் சென்றனர். அன்றைய வரம்பு 20 வாரம், அனுமதி கிடைக்கவில்லை. சில நாட்களில் கரு தானே கலைந்தது. மனிதர்கள் வாதாடிக்கொண்டிருக்க, முடிவு வேறிடத்திலிருந்து வந்தது.

ஆகவே அச்சகோதரருக்கு நாம் சொன்னது: "இருபது வாரம் கடந்த உயிர், கலைக்கும் பேச்சு வேண்டாம். நாளையே செங்கல்பட்டுக்குப் போங்கள். வீட்டாரின் கண்ணீரை ஈமான் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள்."

பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என்று கதறினார்கள். குர்ஆன் அக்கதறலைக் கண்டிக்கவில்லை. ஆறுதலும் பேரீத்தம் பழமும் தண்ணீரும் கிடைத்ததையே கூறுகிறது. நம் வீடுகளிலோ, "கிரகணத்தில் வெளியே போனாயா, என்ன தின்றாய்?" என்று கர்ப்பிணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். மாமியார்களே, கணவன்மார்களே! அவளுக்குத் தேவை விசாரணையன்று. உடன் வரும் துணை.

குறையோடு பிறக்கும் பிள்ளையும் அல்லாஹ்வின் அமானிதமே. பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் பாங்கு சொல்பவர்களில் ஒருவராக வைத்திருந்தார்கள் அல்லவா!

அஞ்சும் தாய்மார்கள் அனைவருக்கும் அல்லாஹு தஆலா ஆறுதலையும், அவர்தம் வீட்டாருக்கு நல்ல நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.