கதவுக்கு அடியில் ஒரு செங்கல்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் சிப்காட் வந்துவிடும். மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று வேதிப்பொருள் ஆலைகள், பின்னால் உப்பனாறு, இடையிடையே குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள். 2021 மே 13 அன்று இங்கே பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். ஆலையில் தீ என்று ஒரு செய்தி வந்தால் உடனே மூன்று கேள்விகள் கேட்போம். எப்படிப் பிடித்தது, யார் கவனக்குறைவு, எத்தனை தீயணைப்பு வண்டி வந்தது? தீ எந்த இடத்தில் நின்றது, அதை எது நிறுத்தியது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நிறுத்துவது பல நேரம் ஒரு சுவர்தான். இல்லையென்றால் ஒரு கதவு, அல்லது இரும்புத் தூணின் மேல் பூசிய சில மில்லிமீட்டர் பெயிண்ட். அலாரம் அலறும், தெளிப்பான் தண்ணீரைக் கொட்டும், ஆட்கள் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காவல். சுவர் எதுவும் செய்வதில்லை, சும்மா நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, திறப்பு விழாவில் அதை யாரும் சுற்றிக் காட்டுவதில்லை.

சும்மா நிற்பதன் கணக்கு இது. பூச்சு இல்லாத இரும்புத் தூண் ஏறக்குறைய 550 முதல் 600 டிகிரி சூட்டில் தன் பலத்தில் பாதியை இழந்துவிடும். மரமும் துணியும் எரிகிற அறையில் அந்தச் சூடு வரப் பத்து நிமிடம்கூட ஆகாது. எரிவது கரைப்பானோ எண்ணெயோ என்றால் ஐந்து நிமிடத்திலேயே 900 டிகிரியைத் தாண்டிவிடும். சூடு பட்டதும் நுரைபோல உப்பித் தூணைப் போர்த்திக்கொள்ளும் பெயிண்ட், தூண் தாங்கும் அந்தச் சில நிமிடங்களை ஒரு மணி நேரமாக, சில சமயம் இரண்டு மணி நேரமாக நீட்டிக்கொடுக்கிறது. நெருப்பை அது அணைப்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியே வர நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தை நாம் எப்படித் தொலைக்கிறோம் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். எந்த ஊர் ஆலையிலும், ஆஸ்பத்திரியிலும், ஜவுளிக்கடை மாடிப்படியிலும் தீத்தடுப்புக் கதவு ஒன்று இருக்கும். கனமான கதவு. தானே மூடிக்கொள்ள மேலே ஒரு குளோசர். சரக்குத் தள்ளுவண்டியோடு ஒரு நாளைக்கு நாற்பது முறை போய் வருபவருக்கு அது பெரிய தொல்லை. ஆகவே அடியில் ஒரு செங்கல் வந்து உட்காரும். செங்கல் வைத்தவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? தள்ளுவண்டி போகிற வழியில் கதவை வைத்து வரைந்தவர் அங்கே வேலை செய்கிறவரைக் கேட்கவே இல்லை. ஆனால் புகைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. திறந்த கதவு வழியே படிக்கட்டில் ஏறிவிடும்.

செங்கலாவது கண்ணில் படும். ஓட்டை படாது. புதிய மெஷினுக்குக் கேபிள் இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் சுவரில் துளை போடுவார், கேபிளை விடுவார், மிச்ச இடைவெளியில் பழைய துணியைத் திணிப்பார். பில் பாஸாகிவிடும். இரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய சுவர் அன்றோடு சல்லடை. 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் இப்படி ஓர் இடைவெளியில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தியைக் காட்டிப் பார்த்தார்கள். அடைத்திருந்த நுரை பற்றிக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. அணு உலை கட்டத் தெரிந்தவர்களுக்கே ஓட்டை அடைக்கும் வேலை அற்பமாகத் தெரிந்திருக்கிறது.

கசிந்த எண்ணெய் வெளியே ஓடாமலிருக்கத் தொட்டியைச் சுற்றிக் கட்டும் டைக் சுவருக்கும் இதே கதி. ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் தேங்கும், வடிக்க வால்வைத் திறப்பார்கள். பிறகு அதை மூடியாக வேண்டும். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் டைக் வால்வு திறந்தே கிடந்தது. கசிந்த பெட்ரோல் சுவரைத் தாண்டிப் போனது, தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது.

நம் பக்கத்துக்கு வந்தால் கும்பகோணம். 2004 ஜூலை 16. ஒரு பள்ளியின் சத்துணவு அடுப்பில் கிளம்பிய தீ கீற்றுக்கூரை வழியே மாடி வகுப்பறைகளுக்குப் போனது, 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. பிள்ளைகளை விட்டு ஆசிரியர்கள் ஓடினார்களா என்று அன்று ஊரெல்லாம் வாதம் நடந்தது. எனக்கு அந்த வாதத்தில் ஒரு சங்கடம் உண்டு. தலைக்கு மேல் எரியாத கூரையும், அடுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு நல்ல சுவரும் இருந்திருந்தால் அன்று யாரும் வீரராக இருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களை நினைக்கும்போதும் இதுதான் மனதில் வருகிறது. பலர் கான்ட்ராக்ட் ஆட்கள். சிலர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ போன மாதம் வந்து சேர்ந்தவர்கள். அணைப்பானை எடுத்து அடிக்க அதை ஒரு முறையாவது கையில் பிடித்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையைப் படிக்க அந்த மொழி தெரிய வேண்டும். பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். சுவர் இதில் எதையும் கேட்பதில்லை. நிரந்தரமா தினக்கூலியா, விழித்திருக்கிறாரா கண்ணசந்துவிட்டாரா என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கிறது. ஒருவரின் திறமையையோ துணிச்சலையோ நம்பாமல் அவரைக் காப்பதுதான் அவருக்குச் செய்யும் முழு மரியாதை என்று எனக்குப் படுகிறது. அந்த மரியாதையில் நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைபோட்டுக்கொண்டிருப்பதும் நாம்தான்.

ஆலைகளில் வெல்டிங் பற்ற வைக்கும் முன் பெர்மிட் எழுதி, அதில் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று இருக்கிறது. சுவரில் டிரில் வைக்கும்போதும் அதே போல் ஒரு தாள் வரட்டும். அதில் கடைசிக் கட்டம் ஒன்றே ஒன்று போதும்: ஓட்டையை அடைத்தவர் பெயர், தேதி. அது நிரம்பாமல் எலக்ட்ரீஷியனின் பில்லை அக்கவுண்ட்ஸ் பாஸ் பண்ணக்கூடாது.